ஓங்கிலின் கையைப் பார்க்கப் போனவர்

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கிக்குள் பாம்பு செத்துக் கிடக்கிறது என்று ஒரு நாள் கதை பரவியது. முதலாம் பாடம் முடிவதற்குள் பிள்ளைகள் குழாயடிப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையில் ஊற்றி வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. அதிபர் யாருக்கோ தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற மௌலவி சேர் தன்னுடைய நீண்ட வெள்ளைச் சட்டையை மடித்துச் செருகிக்கொண்டு, காவலாளியின் ஏணியைத் தூக்கி வந்து தாங்கியில் சாத்தினார்.

“பாம்பு உயிரோட இருந்தால் என்ன செய்வீங்கள் சேர்?” என்று கீழே நின்ற கணித ஆசிரியர் கேட்டார்.

“அதுவும் என்னப் பாக்கும், நானும் அதப் பாப்பன்,” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

இறங்கி வந்தபோது அவருடைய கையில் கறுத்த றப்பர் குழாய்த் துண்டு ஒன்று இருந்தது. குழாய் திருத்த வந்தவர்கள் விட்டுப் போனது. எல்லோரும் சிரித்தோம். “அப்ப தண்ணி நல்லம், இனிக் குடிக்கலாம்,” என்றார் கணித ஆசிரியர். மௌலவி சேர் உடனே மறித்தார்.

“பாம்பு இல்ல எண்டுதான் நான் பாத்த. தண்ணி நல்லமா எண்டு நான் பாக்கல்ல.”

பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது பகிடி இல்லை, அவருடைய சுபாவமே அதுதான் என்று தெரிய எனக்குச் சில காலம் எடுத்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூட உதவியாளர். சாதாரண தரச் சோதினையோடு என் படிப்பு நின்றது. குடுவைகளைக் கழுவுவது, அமிலப் போத்தல்களைப் பூட்டி வைப்பது, பாடத்துக்கு வேண்டியதை மேசையில் எடுத்து வைப்பது என் வேலை. லிங்கநகரில் இருந்து சைக்கிளில் வருவேன், வேலை முடியத் திரும்பிப் போவேன். ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். ஆசிரியர் அறைக்குள் போக வேண்டி வந்தால் வாசலில் நின்றே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மௌலவி சேரோடு மட்டும் அந்தக் கூச்சம் குறைவாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. என் கையில் இருக்கிற பொருளைப் பார்த்துத்தான் கதைப்பார்.

“தங்கச்சி, இதுக்குள்ள என்ன இரிக்கு?”

பாடம் இல்லாத நேரங்களில் அவர் ஆய்வுகூடத்துக்கு வந்துவிடுவார். போத்தல்களில் ஊறிக் கிடக்கிற அட்டை, கணவாய், கோழிக் குஞ்சு எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு முறை வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கொடுத்தேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தவர் மணி அடித்தும் நிமிரவில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று சிரித்தார்கள். நிமிர்ந்து, “இந்தக் கட்டிடத்தயா நாம இவ்வளவு நாளும் ஆணத்துக்கு வெட்டிப் போட்ட?” என்று கேட்டார். முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்பார்கள்.

பிறை பார்ப்பதிலும் அப்படித்தான். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை கண்ட அறிவிப்பு வானொலியில் வரும். அந்த அறிவிப்பை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் அறிவிப்பு வந்த பிறகும் உள்துறைமுகத்து வீதி ஓரமாக நின்று, கப்பல்களுக்கு மேலே மேற்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோன்பு மாதம் மட்டும் என்றில்லை, ஒவ்வொரு மாதமும் அவரை அங்கே கண்டிருக்கிறேன். ஒரு முறை சைக்கிளை நிறுத்தி, “றேடியோவில சொல்லிப்போட்டாங்களாம் சேர்,” என்றேன்.

“ஓம், கேட்ட. அதால நாளைக்கு நோன்பு. இது எனக்கு,” என்றார், வானத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஆசிரியர் அறையில் இதை வைத்து அவரைப் படாதபாடு படுத்துவார்கள். “எங்கட மௌலவிக்கு மையித்தக் காட்டினாத்தான் மௌத்தெண்டு ஒத்துக்கொள்வார்,” என்று புவியியல் படிப்பிக்கிற சேர் சொல்லுவார். பிணத்தைக் கண்டால்தான் சாவை ஒத்துக்கொள்வார் என்பது அதன் பொருள். அவரும் மௌலவி சேரைப் போலக் கிண்ணியா ஊர்க்காரர்தான். மௌலவி சேர் எல்லோரையும் விடப் பலமாகச் சிரிப்பார். “உயிரோட உள்ளவன அடக்கிறத விட அது நல்லந்தானே?”

உயர்தர வகுப்பு உயிரியலில் கூர்ப்பு என்று ஓர் அலகு இருக்கிறது. உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஒரே மூலத்தில் இருந்து பல இனங்களாகப் பிரிந்தன என்பது அதன் சுருக்கம். அந்த அலகு தொடங்கும் நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரீச்சர் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, “பிள்ளையள், இது சோதினைக்கு மட்டும். பாடமாக்கி எழுதிப்போட்டு மறந்திடுங்கோ,” என்பார். எனக்குத் தெரிய மூன்று பேர் அந்த அலகைப் படிப்பித்தார்கள். ஒருவர் கோயிலுக்குப் போகிறவர், ஒருவர் தேவாலயத்துக்குப் போகிறவர், ஒருவர் ஐந்து நேரமும் தொழுகிறவர். மூன்று பேரும் அதே வசனத்தைத்தான் சொன்னார்கள்.

பிறகு மட்டக்களப்பில் இருந்து புதிய உயிரியல் ரீச்சர் மாற்றலாகி வந்தார். முதல் வருடம் அந்த அலகு தொடங்கியபோது நான் பின்னால் நின்று வசனத்துக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லாமல் நேரே பாடத்துக்குள் போய்விட்டார். பிள்ளைகளே கேட்டார்கள். “ரீச்சர், இது சோதினைக்கு மட்டுந்தானே?”

“ரத்த ஓட்டம் படிப்பிக்கேக்க அப்பிடிச் சொன்னனானா? பிறகென்ன இதுக்கு மட்டும்?”

அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. “குரங்கின்ர பேத்தி எண்டு சொல்லிக் குடுக்கவா என்ர பிள்ளையை அனுப்பினனான்?” என்று ஒரு தாய் அதிபரின் அறையில் சத்தம் போட்டார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அதிபர் ரீச்சரைக் கூப்பிட்டு, பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வருடம் எப்படியோ ஓடிவிட்டது.

அடுத்த வருடம்தான் நுஸ்ராவின் வாப்பா வந்தார். நுஸ்ரா கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருகிற பிள்ளை, வகுப்பில் முதலாவதாக வருபவள். வாப்பா நகரத்துச் சந்தையில் மீன் வியாபாரி. மகளை உயிரியலில் இருந்து எடுத்துக் கலைப் பிரிவில் போடுவதற்காக வந்திருந்தார். அதிபரின் அறைக்குப் போகும் முன் மௌலவி சேரைத் தேடி ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் மூலையில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

“எனக்கிருக்கிறது ஒரு புள்ள, மௌலவி. டொக்டராகாட்டியும் பரவாயில்ல. மறுமையில அவ என்னோட இரிக்கணும். இந்தப் பாடத்துல இரிந்து அல்லாஹ் மேல உள்ள ஈமான் போனா நான் ஆருட்டப் போய்க் கேக்கிற?”

அவர் கோபமாகக் கதைக்கவில்லை. நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டேன்.

“ஒரு சொல்லுச் சொல்லுங்க. கூடுமா, கூடாதா? நீங்க சொல்றதுதான்.”

மௌலவி சேர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “அதுக்குள்ள என்ன இரிக்கு எண்டு நான் பாக்கல்ல. பாக்காமச் சொல்ல ஏலா,” என்றார்.

“எப்ப பாப்பீங்க?”

“அந்தப் பாடம் தொடங்க இன்னும் நாளிரிக்கு. அதுவரைக்கும் புள்ளைய எடுக்காதீங்க.”

அன்றே உயிரியல் ரீச்சரிடம் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்தார். அவர்களுடைய கதையை நான் வேலை செய்துகொண்டே கேட்பேன்.

“குரங்குல இரிந்தா மனிசன், ரீச்சர்?”

“இல்லை சேர். இப்ப இருக்கிற குரங்கு எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அதுக்கும் எங்களுக்கும் மிச்சம் தூரத்தில ஒரே முன்னோர். அவ்வளவுதான்.”

“அப்ப சாச்சாட மகன்.” சித்தப்பாவைத்தான் சாச்சா என்பார்கள்.

“ரொம்பத் தூரத்துச் சாச்சாட மகன்,” என்று ரீச்சர் சிரித்தார்.

மௌலவி சேர் சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டி ஒரு படத்தில் நின்றார். மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகிய மூன்றின் எலும்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருந்தன. மூன்றிலும் விரல்கள் இருந்தன.

“இத வரைஞ்ச ஆரு?”

“புத்தகம் போட்டவை வரைவிச்சிருப்பினம்.”

“நான் வரைஞ்சா மீனுக்கும் விரல் வரைவன் ரீச்சர். உள்ளதப் பாக்க ஏலுமா?”

ஏலும் என்றார் ரீச்சர். சில மாதங்களுக்கு முன் இறக்கக்கண்டிக் கரையில் டொல்பின் ஒன்று செத்து ஒதுங்கியிருந்தது. மீனவர்கள் அதை ஓங்கில் என்பார்கள், அதுவும் திமிங்கிலத்தின் குடும்பந்தான். அலை எட்டாத மேட்டு மணலில் அதைப் புதைப்பது அங்கே வழக்கம். ரீச்சர் அப்போதே உரிய அலுவலகத்தில் சொல்லி அனுமதி எடுத்து, ஆய்வுகூடத்துக்காக ஒரு பக்கத்துத் துடுப்பைப் பழைய வலைத்துண்டில் சுற்றிப் புதைக்கச் சொல்லியிருந்தார். சின்ன எலும்புகள் மணலில் சிதறாமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஒரு சனிக்கிழமை மூவரும் நிலாவெளி பஸ்ஸில் போனோம். நான் வாளியும் அரிதட்டும் கொண்டு போனேன். இடத்தைக் காட்ட வந்த மீனவருக்கு மௌலவி சேரை ஏற்கெனவே தெரியும்.

“என்ன மௌலவி, ஓங்கிலுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தவா வந்த?”

“இல்ல. கை குடுக்க வந்த.”

மீனவர் மண்வெட்டியால் மேல் மணலைத் தள்ளினார். பிறகு மௌலவி சேர் முழங்காலில் இருந்து கையாலேயே தோண்டினார். வலைப் பொட்டலம் வந்தது. மணம் அதிகம் இல்லை. அவிழ்த்து நான் கொண்டுபோன வெள்ளைத் துணியில் கொட்டினோம். குட்டையான தடித்த எலும்பு ஒன்று, தட்டையான எலும்புகள் இரண்டு, பிறகு கூழாங்கல் போலவும் பல் போலவும் கைநிறையச் சின்ன எலும்புகள். அவர் தன்னுடைய வலது கையை அவற்றுக்குப் பக்கத்தில் மணலில் விரித்து வைத்தார். தடித்த எலும்பைத் தொட்டுத் தன் மேற்கையைத் தொட்டார். தட்டையான இரண்டையும் தொட்டு முழங்கைக்குக் கீழே தடவினார்.

அஸர் என்கிற பின்னேரத் தொழுகை நேரம் வந்தது. மௌலவி சேர் கடல் தண்ணீரில் கைமுகம் கழுவி வுளூச் செய்து, கொஞ்சம் தள்ளிப்போய்த் தொழுதார். நாங்கள் இருவரும் தோணி நிழலில் இருந்து மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலும்புகளைக் கழுவிக் காயவைத்து ஆய்வுகூடத்துத் தட்டில் போட்டேன். அடுக்குகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பாடம் இல்லாத நேரமெல்லாம் இடது கையை மேசையில் விரித்து, அதைப் பார்த்துப் பார்த்து வலது கையால் அடுக்குவார். ஒவ்வொரு முறையும் ஐந்து விரலும் முடிந்த பிறகு கொஞ்சம் எலும்பு மிஞ்சிப் போகும். கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். மீனவர் வேறொரு ஓங்கிலின் எலும்பையும் சேர்த்துச் சுற்றிவிட்டார் என்று ஒரு நாள் சொன்னார். மணிக்கட்டுக்குள் திணித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், “தங்கச்சி, வேற போத்தலுக்குள்ள இரிந்ததக் கலந்திட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

கடைசியில் ரீச்சர் வந்து தட்டைப் பார்த்தார்.

“சேர், நீங்கள் உங்கட கையை வச்சு அடுக்குறீங்கள். ஓங்கிலுக்கு நடு விரல்களில எங்களை விடக் கனக்கத் துண்டு இருக்கு.”

அவர் தன்னுடைய இடது கையை மேசையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிஞ்சிய எலும்புகளை ஒவ்வொன்றாக இரண்டாவது, மூன்றாவது விரல்களில் தொடுத்தார். அவை நீண்டு வளைந்து துடுப்பின் வடிவம் வந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். “நம்மட கைதான் கை எண்டு நினைச்சிட்டன்,” என்று சொன்னார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது.

பாடம் தொடங்குவதற்கு முதல் நாள் நுஸ்ராவின் வாப்பா வந்தார். இந்த முறை விறாந்தையில் நின்றே கேட்டார்.

“சொல்லுங்க மௌலவி. கூடுமா, கூடாதா?”

“பாத்த. அதுல கை இரிக்கு. நம்மளப் போலயும் இரிக்கு, நம்மளப் போல இல்லாமலும் இரிக்கு. எப்பிடி வந்ததெண்டு ரீச்சர் சொல்றாங்க. எனக்கு விளங்கினதும் இரிக்கு, விளங்காததும் இரிக்கு. மனிசனப் பத்தி நான் ஓதினது வேற. அத நான் விடல்ல.”

“அப்ப கூடாது.”

“கூடாதெண்டு சொல்ல, அது பொய்யெண்டு எனக்குத் தெரியணும். நான் பாத்ததுல பொய்யில்ல.”

“புள்ளையிட ஈமான் போனா?”

“அந்தப் பயம் எனக்கும் இரிந்த. தோண்டி முடிய அஸர் வந்த. அதே மணல்ல நிண்டு தொழுத. என்னமாச்சும் குறைஞ்சி போச்சா எண்டு உள்ளுக்குள்ள தேடித் தேடிப் பாத்த. எனக்கு ஒண்டும் குறையல்ல. உங்கட மகளுக்கு என்ன நடக்கும் எண்டு நான் சொல்ல ஏலா. எனக்கு நடந்ததத்தான் சொல்ல ஏலும்.”

வாப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டது ஒரு சொல். கிடைத்தது அது இல்லை.

“அப்ப நீங்களும் வகுப்புல இரிங்க,” என்றார் கடைசியில். “அவ இரிக்கிற ஒவ்வொரு பாடத்துலயும் நீங்களும் இரிக்கணும். இரிந்தா விடுறன்.”

மௌலவி சேர் ஓமென்றார். அந்த அலகு முடியும் வரை பின் வரிசையில், தொப்பியோடும் தாடியோடும், பிள்ளைகளுக்குப் பின்னால் உயரமான ஆய்வுகூடக் கதிரையில் இருந்தார். வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. “இது ஆராச்சும் பாத்ததா, இல்ல நினைச்சதா?” என்று ரீச்சரை மறிப்பார். ரீச்சர் சில நேரம், “பார்த்தது,” என்பார். சில நேரம், “கிடைச்ச அடையாளத்தை வச்சு எடுத்த முடிவு,” என்பார். சில நேரம், “தெரியாது சேர், நாளைக்கு வாசிச்சிட்டு வாறன்,” என்பார். பயந்து பயந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு தாங்களும் கை தூக்கத் தொடங்கினார்கள். நுஸ்ராதான் அதிகம் கேட்டாள்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆப் பிரசங்கம் செய்துவந்தார். அந்தக் காலத்தில் அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. குரங்குப் பாடம் படிக்கிற மௌலவி என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். இதைப் புவியியல் சேர்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் பகிடி பண்ணவில்லை. மௌலவி சேர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கதைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் மற்ற ஆட்களோடு வரிசையில் போய் இருந்து, வேறொருவரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தார்.

பிறகு அவருக்கு மூதூர்ப் பக்கம் மாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அவர் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரீச்சருக்கும் தெரியாது. இரண்டு பேரும் இதைப்பற்றிக் கதைத்திருக்கிறோம். நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று ரீச்சர் நினைக்கிறார். கேட்டிருந்தால், எது வரைக்கும் பார்த்தேனோ அது வரைக்கும் என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அந்த அலகின் கடைசி நாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நுஸ்ராவின் வாப்பா வந்தார். சந்தை முடிந்து நேரே வந்தவர், சட்டையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மகளைக் கூட்டிப் போக வந்ததாகச் சொன்னார். ஆனால் கண் மேசையில் இருந்த தட்டில் போனது. ஆய்வுகூடத் தொட்டியில் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் கிட்டே வந்தார்.

“இதுதானா?”

“இதுதான்,” என்றார் மௌலவி சேர்.

அவர் தொடாமல் குனிந்து பார்த்தார். “மீன்ட செட்டைக்குள்ள இப்பிடி இரிக்காது. வெட்டின எனக்குத் தெரியாதா? முள்ளு முள்ளாத்தான் இரிக்கும்.” பிறகு விரலை நீட்டினார். “இந்த நடுவுல உள்ளது மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?”

மௌலவி சேர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ரீச்சர் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தார், அந்தக் கேள்விக்கு அவரை விட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, யன்னலடியில் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்ற நுஸ்ராவைப் பார்த்தார்.

“அத அவட்டக் கேளுங்க.”

சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். உள்ளே நுஸ்ரா மெதுவாகத் தொடங்கியது கேட்டது. “நீந்தக்குள்ள வாப்பா…” என்றாள். நின்றாள். பிறகு மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை குரல் கொஞ்சம் பெரிதாக வந்தது. மௌலவி சேர் விறாந்தையில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கள் நிண்டு பாக்கேல்லையா சேர்?” என்று கேட்டேன். நானாக அவரிடம் ஒன்றைக் கேட்பது எனக்கே புதிதாக இருந்தது.

“இல்ல தங்கச்சி. இது நான் பாக்கிறதுக்கில்ல.”

அவர் திரும்பிப் பாராமல் வாசல் பக்கம் நடந்தார். உள்ளே கதிரை ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. வாப்பா உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அப்ப இது எந்த விரல், மகள்?”